உள்ளே ஆள் இருக்கா

வாஷிங் மெஷினுக்கு மேலே பலகை அடித்து அந்தக் கம்ப்யூட்டரை நான் ஏற்றி வைத்தபோது, என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இது துணியும் துவைக்குமா?" என்பதுதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வீட்டில் எனக்குச் சிடுமூஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. என் தங்கை வைத்தது. அவள் ஒரு பெயர் வைத்தால் அது ஒட்டிக்கொண்டுவிடும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நாற்பத்து மூன்று வயதிலும் அவள் பாப்பாதான்.

பாப்பாவுக்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டர். புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பிள்ளைகள் இல்லை. மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். அவர் கப்பல் ஏறும்போது அவளுக்கு வெறும் முதுகு வலிதான். ரிப்போர்ட் வந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். இறங்கி வருகிறேன் என்றவரை அவள்தான் தடுத்தாள். "ஒரு வருஷம் தாங்கும்னு டாக்டரே சொல்லிட்டார். ஒப்பந்தம் முடிஞ்சு நிதானமா வாங்க. இப்பவே வந்து என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" ஏழு மாதம்தான் தாங்கியது.

வாசலை ஒட்டிய அறையைக் காலி செய்து ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டோம். அந்த அறைக்கும் வாஷிங் மெஷின் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

வந்த முதல் வாரமே ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினாள். உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க். துறைமுகம் துறைமுகமாகத் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் மாப்பிள்ளை வாங்கிச் சேர்த்த படங்கள். ஓய்வு நேரத்தில் கப்பலில் அவர் பார்ப்பது இவற்றின் நகல்களைத்தான்.

"அண்ணா, அவர் அங்க என்ன பாக்குறாரோ அதையே நானும் பாக்கணும். போன்ல பேச ஒண்ணுமே இல்ல. சாப்டியா, மாத்திரை போட்டியா, தூங்கினியா. நர்ஸ்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க. எனக்கு அலுத்துப்போச்சு."

அவளால் எழுந்து போய் டிஸ்க்கை மாற்றிச் சொருக முடியாது. படுத்தபடியே கையில் உள்ள டேப்லெட்டில் தொட்டால் படம் வர வேண்டும். கப்பலில் இருக்கிற மனிதரும் அதே பட்டியலைப் பார்க்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்காக இருபத்தெட்டு வருடம் கன்ட்ரோல் பேனல்களைப் பிரித்து மாட்டியவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று இறங்கிவிட்டேன். ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் கிடைத்தது. இரண்டு வாரம் மண்டை காய்ந்தது. இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாரும் அடுத்தவனை முட்டாள் என்றார்கள்.

கடைசியில் பிடிபட்டது. ஒரே கம்ப்யூட்டர்தான், ஆனால் உள்ளே தடுப்புப் போட்டு அதை இரண்டு கம்ப்யூட்டராக நடிக்க வைக்கலாம். விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள். ஒன்றை அணைத்தாலும் மற்றது பாட்டுக்கு ஓடும். ஒன்றுக்கு 'வாசல்' என்றும் இன்னொன்றுக்குக் 'கொட்டகை' என்றும் பெயர் வைத்தேன். படங்களும் அவற்றைக் காட்டுகிற புரோகிராமும் கொட்டகையில். வாசலில் இருப்பது காவல். வீட்டிலிருந்தோ கப்பலிலிருந்தோ யார் கேட்டாலும் வாசலைத் தாண்டித்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். யார், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார்கள் என்று வாசல் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். லாக் என்பது அதைத்தான். இதை மாதா மாதம் அழித்துவிடுங்கள், இடம் அடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். நான் அழிக்கவில்லை. ஒவ்வொரு லிஃப்டுக்கும் மெஷின் ரூமில் ஒரு நோட்டு தொங்கும், அதில் ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் வேலை போய்விடும். அந்தப் பழக்கம்.

புரோகிராமை நேராகப் போடாமல் கண்டெய்னரில் போட வேண்டும் என்றார்கள். புரோகிராமும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களும் சேர்ந்த ஒரு பெட்டி. புதியது வந்தால் பழைய பெட்டியை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். போகக்கூடாதது எதுவோ அதைப் பெட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் படங்கள் எல்லாவற்றையும் வெளியே வைத்தேன். போதாதென்று இரண்டு நகல் எடுத்து ஒன்றை பீரோவிலும் வைத்தேன். இதைவிட ஜாக்கிரதையான ஆள் உண்டா என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு.

பாப்பா முதலில் தொட்டது கடலைப் பற்றிய ஒரு தொடர். எண்பத்து நான்கு பாகம். "கடல்லயே கெடக்குற மனுஷன், பொழுது போகலன்னா கடலையே படமா பாப்பாராமா?" என்று என் மனைவி சிரித்தாள். பாப்பா விடவில்லை. ஒன்றாம் பாகத்திலிருந்து வரிசையாகப் பார்த்தாள். மாத்திரை வேகத்தில் பாதியில் கண் சொருகிவிடும். மறுநாள் தொட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும். படத்துக்கு அடியில் ஒரு கோடு, அதில் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறாள் என்று சிவப்பு ஏறியிருக்கும். மாப்பிள்ளை போன் செய்தால் இப்போது மாத்திரைப் பேச்சு இல்லை. "பதினெட்டாம் பாகத்துல ஒரு மீன் வருது பாருங்க, உங்க மூக்கு அதுக்கு. உங்க சொந்தக்காரங்களா?" என்பாள். அவர் அங்கே சிரிப்பது சுவர் தாண்டி எனக்குக் கேட்கும்.

சுவர் தாண்டி என்று சொல்கிறேன், கவனியுங்கள். நான் அந்த அறைக்குள் அதிகம் இருக்கவில்லை. காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். தலையணையைச் சரிசெய்வேன். அவள் கை மணிக்கட்டு நாளுக்கு நாள் ஒடுங்குவதைப் பார்த்ததும் எனக்கு அங்கே நிற்க முடியாது. இந்தப் பக்கம் வந்து ஸ்டூலைப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். சப்டைட்டில் சரியில்லை, படத்துக்கு அட்டைப்படம் வரவில்லை, மெமரி போதவில்லை என்று எப்போதும் ஒரு வேலை இருந்தது.

என் மனைவி ஒருநாள் கேட்டாள். "அந்த மிஷினோட உக்கார்ற நேரத்துல பாதி நேரம் பாப்பாகிட்ட உக்காரலாமில்ல?"

"யாருக்காகச் செய்றேன் இதெல்லாம்? உனக்கா?" என்று பாய்ந்தேன். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிஃப்ட் வேலையில் மெயின் சுவிட்சை இறக்குவதற்கு முன் லிஃப்ட் ஏறி இறங்குகிற கிணற்றுக்குள் தலையை நீட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்று கத்த வேண்டும். கத்திவிட்டு, பதில் வருகிறதா என்று நிற்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவன் நிற்காமல் இறக்கி, ஒரு வயதான மனிதரை மூன்று மணி நேரம் இருட்டில் தொங்கவிட்டான். இருபத்தெட்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கத்தாமல் சுவிட்சில் கை வைத்ததில்லை. வீட்டிலும் பல்பு மாற்ற மெயினை இறக்கும்போது வாய் தானாகக் கத்திவிடும். குளியலறையில் இருக்கிறவர்கள், "இருக்கோம், இருக்கோம்" என்று அலறுவார்கள். மாப்பிள்ளைக்கு இது பெரிய வேடிக்கை. எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் கதவைத் தட்டி, "உள்ள ஆள் இருக்கா?" என்று என் குரலிலேயே கேட்பார். அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டிருக்கும் பாப்பா உள்ளிருந்து, "இருக்கு, இருக்கு, எறக்கிடாதீங்க" என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, விடிகிற நேரத்தில், பாப்பா போய்விட்டாள். முதல் நாள் சாயங்காலம் தூங்கினவள் எழுந்திருக்கவே இல்லை. மாப்பிள்ளையின் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட எட்டு நாள் இருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டாம் நாள். எல்லாம் முடிந்து, அறையைக் கழுவி, மெத்தையை வெயிலில் காயவைத்து எடுத்தாயிற்று. வாசலில் நின்று கதவைத் தட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா தட்டினார்.

இரண்டு மாதம் விடுப்பு. அந்த அறையிலேயே தங்கினார். பாப்பாவின் டேப்லெட்டைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, தன்னுடைய போனில் கடல் தொடரை ஒன்றாம் பாகத்திலிருந்து போட்டார். எனக்குப் புரியவில்லை. ஏற்கெனவே பார்த்ததுதானே என்று கேட்டேன்.

"நான் பாத்ததுதான் மச்சான். அவ எப்படிப் பாத்தாள்னு பாக்கறேன்." டேப்லெட்டைக் காட்டினார். ஒவ்வொரு பாகத்துக்கும் அடியில் அவளுடைய சிவப்புக் கோடு. "பாருங்க, ஆறுல இருபதாவது நிமிஷத்துல நின்னுருக்கா. திரும்ப வந்து முடிக்கல, நேரா ஏழுக்குப் போயிட்டா. அலுத்திருக்கும். அவ நின்ன இடத்துல நானும் நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அவ்ளோதான்."

"கடைசியா எதுல நின்னான்னு பாத்துட்டீங்களா?"

"இல்ல. கீழ தள்ளிப் பாக்கவே இல்ல. அது தானா வரட்டும்."

கூட இருந்து பார்த்துக்கொள்ள முடியாமல் போன மனிதர், இப்போது அவளோடு கூடவே நடந்துகொண்டிருந்தார். அந்தக் கோடுகள் இருக்கிற வரைக்கும் அவருக்கு அவள் கொஞ்சம் மீதி இருந்தாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

முப்பத்தெட்டாம் பாகத்தில் வாயசைவு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கமாக வருகிறது என்றார். பார்த்தேன். புரோகிராமின் புதிய பதிப்பில் அது சரியாகிவிட்டது என்று போட்டிருந்தது. ஓடுகிற மெஷினைத் தொடாதே என்பது என் தொழிலில் பாலபாடம், அதனால் போட்ட நாளிலிருந்து அப்டேட் பக்கமே நான் போகவில்லை. ஆனால் மாப்பிள்ளை கேட்டு ஒன்றைச் செய்து கொடுக்காமல் இருப்பதா? அவர் கடைக்குப் போயிருந்த நேரம். பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டேன். புதுப் பெட்டி இறங்கியது. மொத்தம் நான்கு நிமிடம்.

திரையில், "வருக. புதிய பயனரை உருவாக்கவும்" என்று வந்தது.

படங்கள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. யார் எதை எதுவரை பார்த்தார்கள் என்று புரோகிராம் தனக்காக எழுதி வைத்திருந்த கணக்கு மட்டும் இல்லை. அதை நான் வெளியே வைக்கவில்லை. அது பழைய பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. எங்கும் கிடைக்கிற படங்களுக்கு இரண்டு நகல் எடுத்து ஒன்றை பீரோவில் பூட்டினவன், எங்குமே கிடைக்காத ஒன்றைக் குப்பையோடு கொட்டிவிட்டேன். தேடின இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேடினேன். என் மனைவி வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுங்க?" என்றாள். "பாப்பாவ அழிச்சிட்டேன்" என்றேன்.

மாப்பிள்ளை திரும்பி வந்ததும் நானே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் டேப்லெட்டை வாங்கி, வெறும் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அதுவரை அவர் கீழே தள்ளாமல் வைத்திருந்த பட்டியல். எல்லாப் பாகங்களும் இப்போதுதான் வாங்கி வந்தது மாதிரி சுத்தமாக இருந்தன.

"பரவால்ல மச்சான். வேணும்னா செஞ்சீங்க?" என்றார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தார். அவர் திரும்பக் கப்பல் ஏறப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள், ஒரு பழைய கட்டடத்தின் மெஷின் ரூமில் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வாசல் நினைவுக்கு வந்தது. லாக். நான் தொட்டது கொட்டகையை. வாசலைத் தொடவே இல்லை. லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

இருந்தது. ஏழு மாதமும் இருந்தது. அவள் படம் பார்க்கும்போதெல்லாம் பத்து விநாடிக்கு ஒரு தடவை டேப்லெட், "இந்தப் பாகம், இத்தனையாவது விநாடி" என்று வாசலிடம் சொல்லியிருக்கிறது. வாசல் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறது. லட்சக்கணக்கான வரிகள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். லிஃப்ட் நோட்டு ஒன்று புதிதாக என் பையில் இருந்தது. கோடு போட்டது, தேதி, நேரம், விவரம் என்று கட்டம் கட்டியது. அதில் எழுத ஆரம்பித்தேன். புரோகிராம் எழுதி வைத்த கணக்கில் கடைசியாக நின்ற இடம் மட்டும்தான் இருந்தது. லாகில் அவள் எப்போது போட்டாள், எங்கே நிறுத்தினாள், எதைப் பின்னால் தள்ளித் திரும்பப் பார்த்தாள் என்று எல்லாமே இருந்தது. நாற்பத்தொன்றாம் பாகத்தில் பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து பதினான்கு வரை ஆறு தடவை பார்த்திருக்கிறாள். என்ன அது என்று நான் போட்டுப் பார்த்தேன். ஒரு கப்பலின் இன்ஜின் ரூம். எண்ணெய்க் கையோடு நாலைந்து பேர் ஒரு குவளையை மாற்றி மாற்றிக் குடித்துச் சிரிக்கிறார்கள். வேறொன்றும் இல்லை.

எழுதி முடிந்த பக்கங்களை அன்றன்றைக்கு மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். நான் எழுதத் தொடங்கிய மூன்றாம் நாளே அவர் மறுபடி பார்க்கத் தொடங்கிவிட்டார். நாற்பத்தொன்று வந்த அன்று அறைக்குள்ளிருந்து அந்த இன்ஜின் சத்தம் ஆறு தடவை கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "மச்சான், நீங்க அவள அழிக்கல. முன்னவிட ஜாஸ்தியாக் குடுத்திருக்கீங்க" என்றார். பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அவள் போவதற்கு முதல் நாள், அந்த வியாழக்கிழமை. அறுபத்து மூன்றாம் பாகம், முப்பத்தொன்றாவது நிமிடம், நாற்பதாவது விநாடி. மத்தியானம் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு நின்றிருக்கிறது. அதோடு முடிந்தது என்று கோடு போடப் பேனாவை எடுத்தேன். கீழே இன்னும் வரிகள் இருந்தன.

மூன்று ஐந்துக்கு அவள் மறுபடி தொட்டிருக்கிறாள். வாசல், கொட்டகையிலிருந்து பதில் இல்லை என்று எழுதியிருக்கிறது. மூன்று ஏழு, பதில் இல்லை. மூன்று எட்டு, பதில் இல்லை. எண்ணினேன். பதினேழு தடவை. கடைசி மூன்று நாற்பத்தொன்பது.

அந்த வியாழக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். பாப்பாவுக்கு முடியவில்லை, பக்கத்தில் இருங்கள் என்று மனைவி சொல்லி அரை நாள் லீவு போட்டிருந்தேன். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். படத்தை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்தேன். கொட்டகைக்கு இன்னும் கொஞ்சம் மெமரி கொடுத்தால் படம் சீக்கிரம் திறக்கும் என்று தோன்றியது. அதை அணைத்தால்தான் கொடுக்க முடியும். அணைத்தேன். பிறகு ஏதோ ஒன்று ஏறவில்லை, அதை நோண்டிக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்கு மேல்தான் ஓடியது. ஜம்பமாக எழுந்து போய்ப் பார்த்தால் டேப்லெட் அவள் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்தது. எடுத்து ஓரமாக வைத்தேன். அதற்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை.

இடையில் ஒரு சுவர். ஒரு குரல் கொடுத்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் கூப்பிட மாட்டாள். அண்ணன் ஏதோ வேலையாக இருக்கிறான், சிடுமூஞ்சி, எதற்குத் தொந்தரவு என்று நினைத்திருப்பாள். தன் டேப்லெட்டில்தான் ஏதோ கோளாறு என்றுகூட நினைத்திருக்கலாம். நாற்பத்து நான்கு நிமிடம் பொறுமையாகத் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளுக்காக, அவளுக்காக என்று ஏழு மாதம் நான் கட்டியது இதைத்தான். அவள் பக்கத்தில் உட்காராமல் இருப்பதற்கு எனக்கு ஒரு ஸ்டூல் வேண்டியிருந்தது. அதை இப்போது சொல்ல முடிகிறது.

நோட்டில் அந்தப் பதினேழு வரிகளை நான் எழுதவில்லை. அறுபத்து மூன்று, முப்பத்தொன்று நாற்பது என்று எழுதிக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எட்டு நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மாப்பிள்ளை தினம் மூன்று பாகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கப்பலுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், "மச்சான், கடைசி. வாங்க, சேர்ந்து பாப்போம்" என்று கூப்பிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. பாப்பாவைப் பார்க்க வருகிறவர்களுக்கு என்று நான்தான் வாங்கிப் போட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தேன்.

பனிக்கடலைப் பற்றிய பாகம். வெள்ளையும் நீலமுமாக, பேச்சு அதிகம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தொன்று நாற்பதில் மாப்பிள்ளை விரலால் தொட்டு நிறுத்தினார். உடைகிற பனிப் பாளம் ஒன்று பாதி சாய்ந்தபடி நின்றது. அவர் வழக்கம்போல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"விழறதுக்குள்ள நிறுத்திட்டா. அதோட தூங்கிட்டாளா மச்சான்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நிம்மதியாகக் கப்பல் ஏறியிருப்பார். ஆனால் பொய் சொல்லி அவரோடு சேர்த்து நானும் நிம்மதியாகிவிடுவேன் என்று தோன்றியது. அது எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

"இல்ல மாப்ள. அப்புறம் முழிச்சிருக்கா. திரும்பப் போடப் பாத்திருக்கா. பதினேழு தடவ. வரல. நான் அந்தப் பக்கம் ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ விளங்காத ஒன்றைக் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் கேட்டார்.

"உள்ள ஆள் இருக்கான்னு கேக்கலியா நீங்க?"

"கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாளே. எப்பவும் சொல்வாளே."

நான் அழுதேன். அவள் போன அன்றுகூட நான் இப்படி அழவில்லை. மாப்பிள்ளை என்னைத் தேற்றவில்லை. தேற்றாமல் இருந்ததற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை. கொஞ்ச நேரம் கழித்து நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார்.

"அந்தப் பதினேழையும் எழுதிக் குடுங்க. அதுவும் அவ தொட்டதுதானே."

எழுதினேன். மூன்று ஐந்து, பதில் இல்லை. மூன்று ஏழு, பதில் இல்லை. அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரி எழுதியதும் வாங்கிப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தார். மீதிப் பாகத்தை அவர் பார்க்கவில்லை. மறுநாள் காலையில், "வரேன் மச்சான்" என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை என் மனைவியின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம், இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. பையோடு வாசலில் நின்றுகொண்டு, "அந்த மிஷின அணைச்சிட்டு வாங்க. பூட்டின வீட்டுல எதுக்கு ஓடிக்கிட்டு?" என்றாள். நியாயம்தான். போய்ச் சுவிட்சில் கை வைத்தேன். எடுத்தேன். லாகைத் திறந்தேன்.

கப்பலிலிருந்து ஒரு வரி. பத்து விநாடி கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. அறுபத்து மூன்றாம் பாகம், முப்பத்தொன்று நாற்பது, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. நேரம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அவர் எங்கோ ஒரு கடலில் அந்தச் சாய்ந்த பனியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"இன்னும் என்னங்க பண்றீங்க? பஸ் போயிடும்."

"இரு. உள்ள ஆள் இருக்கு" என்றேன்.

அவள் பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நான் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய், பாப்பாவின் அறையில், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன். பிறகு ஸ்டூலை விட்டுவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து இருந்தது.